மூன்று கப்பலும் மூவாயிரம் பவுண்டு மிளகும்: கோத்துகள் எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வி இது: ரோம் நகரைச் சூறையாடிய ஜெர்மானிய இனத்தவரான கோத்துகள் சுவீடனிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்று ஒரு வரலாற்று நூல் சொல்கிறது, இன்னொன்று அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறது. எதை நம்புவது? ரோமுக்குப் பிறகு அந்த இனம் எங்கே போனது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோத் என்ற பெயரும், அதைச் சுமந்த மக்களில் ஒரு பகுதியினரும் பால்டிக் கடலுக்கு வடக்கேயிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் 410இல் ரோமுக்குள் நுழைந்த படையை அந்தக் கப்பல்காரர்களின் நேர்வாரிசு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். வழிநெடுக ஆள் சேர்ந்து, ஆள் உதிர்ந்து, கடைசியில் டான்யூப் ஆற்றங்கரையில், ரோமின் வாசற்படியிலேயே திரண்ட கூட்டம் அது.

கப்பல் கதைக்கு மூலம் ஜோர்டானஸ் என்பவர். 551ஆம் ஆண்டுவாக்கில் கான்ஸ்டான்டினோப்பிளில் உட்கார்ந்து லத்தீனில் கோத் வரலாறு எழுதினார். கோத் வழிவந்தவர், படைத்தலைவர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். இத்தாலியில் கோத் அரசன் தியோடரிக்கிடம் உயர்பதவியில் இருந்த காசியோடோரஸ் பன்னிரண்டு பகுதிகளாக எழுதிய நூலை மூன்று நாள் இரவல் வாங்கிப் படித்ததாகவும், சொற்கள் நினைவில் இல்லை, சாரம் நினைவிருக்கிறது என்றும் அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். அந்த மூலநூல் தொலைந்துபோயிற்று. ஆக நம் கையில் இருப்பது, அரசனுக்காக எழுதப்பட்ட ஒரு மெய்க்கீர்த்தியின் மூன்று நாள் குறிப்பு.

அவர் சொல்லும் கதை இப்படிப் போகிறது. வடகடலில் ஸ்கான்சா என்றொரு தீவு. இனங்களை வார்க்கும் பட்டறை, நாடுகளின் கருப்பை. அங்கிருந்து பெரிக் என்ற அரசன் தலைமையில் மூன்று கப்பல்கள் புறப்பட்டு எதிர்க்கரையை அடைகின்றன. மூன்றாவது கப்பல் மந்தமாக வந்து சேர்ந்ததாம். அதில் வந்தவர்களுக்கு மந்தர்கள் என்ற பொருளில் கெபிதுகள் என்று பெயர் வந்ததாம். அண்டை இனத்தை மட்டம்தட்டக் கோத்துகள் சொல்லிச் சிரித்த கதையாக இருக்க வேண்டும். சில தலைமுறைகள் கழித்துக் கூட்டம் பெருகுகிறது. பிலிமர் என்ற அரசன் அவர்களைத் தெற்கே, கருங்கடலுக்கு வடக்கே உள்ள சித்தியாவின் வளமான நிலத்துக்கு அழைத்துப் போகிறான். பாதிப்பேர் ஆற்றைக் கடந்ததும் பாலம் இடிந்து விழுகிறது. மீதிப்பேர் என்ன ஆனார்கள் என்று சொல்வதில்லை. அந்தச் சதுப்பு நிலத்தின் வழியே போகிறவர்களுக்கு இன்றும் தூரத்தில் மாடுகள் கத்தும் ஒலி கேட்கும் என்கிறார். இந்த ஒரு வரிக்காகவே ஜோர்டானஸை மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

மன்னிக்க நிறைய இருக்கிறது. கோத்துகளையும், டான்யூப் கரையில் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்த கேட்டே என்ற வேறோர் இனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். கிரேக்கப் புராணத்து அமேசான் வீராங்கனைகளைக் கோத் பெண்கள் என்கிறார். கப்பல் புறப்பட்ட காலத்தைக் கணக்குப் பார்த்தால் கி.மு. 15ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. ஆனால் போகிறபோக்கில் அவர் ஒரு தகவலை நழுவவிடுகிறார்: கோத்துகள் ஒருகாலத்தில் பிரிட்டனிலோ வேறு தீவிலோ அடிமைகளாக இருந்தார்கள், ஒரு குதிரையின் விலைக்கு யாரோ அவர்களை மீட்டார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது, அதைத் தாம் நம்பவில்லை என்கிறார். அதாவது 6ஆம் நூற்றாண்டிலேயே கோத்துகளிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பூர்வீகக் கதைகள் இருந்தன. அவற்றில் கௌரவமான ஒன்றைப் பெரிய இடத்தில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

ஜோர்டானஸை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு நானூற்றைம்பது ஆண்டுகள் முந்திய சாட்சிகளைக் கேட்போம். 98ஆம் ஆண்டில் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கோட்டோன்கள், அதாவது கோத்துகள் என்ற இனத்தைத் தெரியும். மற்ற ஜெர்மானியர்களைவிட அரசனுக்குச் சற்றுக் கூடுதலாக அடங்கியவர்கள், ஆனால் சுதந்திரத்தை இழக்கும் அளவுக்கு இல்லை என்கிறார். 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி அவர்களை விஸ்டுலா ஆற்றுக்குக் கிழக்கே வைக்கிறார். தென் ஸ்காண்டிநேவியாவில் கௌடாய் என்று பெயர் ஒத்த இன்னோர் இனத்தையும் குறிக்கிறார். எனவே கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கோத்துகள் இன்றைய வட போலந்தில் இருந்தார்கள் என்பதில் சண்டை இல்லை. கடலைக் கடந்தார்களா என்பதில்தான் சண்டை.

அந்த இடத்தில், அந்தக் காலத்தில் தொல்லியலாளர்கள் கண்டது வியெல்பார்க் பண்பாடு. போலந்தின் மால்போர்க் நகரத்தை ஒட்டிய ஓர் இடுகாட்டால் வந்த பெயர். இதன் கல்லறைகளைத் திறந்து பார்த்தால் ஒரு விசித்திரம் உண்டு. பெண்ணின் கல்லறையில் தோள்களில் ஆடையைக் கோக்கும் வெண்கல ஊசிகள், பாம்புத்தலை வளையல்கள், கொக்கிபோல் வளைந்த கழுத்தணிப் பூட்டுகள், அம்பர் மணிகள் கிடைக்கும். பக்கத்தில் ஆணின் கல்லறையில் வாள் இருக்காது, ஈட்டி இருக்காது, கேடயம் இருக்காது. இரும்பே அநேகமாக இருக்காது. சுற்றியுள்ள இனங்களெல்லாம் இறந்த வீரனோடு ஆயுதத்தையும் புதைத்துக்கொண்டிருந்த காலத்தில், பின்னாளில் ரோமானியப் பேரரசர்களையே போரில் கொன்ற இனம் ஆயுதமில்லாமல் தன் ஆண்களை மண்ணுக்குள் அனுப்பியது. ஏன் என்று அந்தக் கல்லறைகள் சொல்வதில்லை. ஆனால் தொல்லியலாளருக்கு இது பெரிய வசதி: இந்தப் பழக்கம் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் மக்கள் போன தடம் தெரியும்.

வியெல்பார்க் இடுகாடுகளில் பல, அதற்கு முன்பு அங்கிருந்த மக்களின் இடுகாடுகளிலேயே தொடர்கின்றன. பழைய ஊர் காலியாகிப் புதியவர்கள் வந்திறங்கிய அடையாளம் பரவலாக இல்லை. ஓட்ரி, வெசியோரி போன்ற ஊர்களில் இருக்கும் கல்வட்டங்கள் மட்டும் ஸ்காண்டிநேவியச் சாயல் காட்டுகின்றன. எனவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கப்பல் கதையைக் கைவிட்ட அறிஞர்கள் அதிகம்.

அவர்களுடைய தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதை ஏற்கெனவே பலர் கையில் சிக்கிச் சீரழிந்திருந்தது. 1434இல் பாசல் திருச்சபை மாமன்றத்தில் சுவீடன் ஆயர் நிக்கோலஸ் ராக்வால்டி எழுந்து, எங்கள் அரசர் கோத் வழிவந்தவர், ஆகவே எங்களுக்கே முதல் வரிசை வேண்டும் என்று வாதாடினார். ஸ்பெயின்காரர்கள் விடுவார்களா? கோத் அரசர்கள் ஆண்ட மண் அவர்களுடையது. துணிச்சல் உள்ள கோத்துகள் கிளம்பி எங்கள் நாட்டுக்கு வந்துவிட்டார்கள், வீட்டோடு கிடந்த சோம்பேறிகள்தான் உங்கள் முன்னோர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். சுவீடன் அரசரின் பட்டப்பெயரில் யோத்தர்களின் (கோத்துகளோடு ஒன்றாக எண்ணப்பட்ட சுவீடன் இனம்) அரசர் என்ற பகுதி 1973 வரை இருந்தது. இதுவரை வேடிக்கை. 1939இல் போலந்தைப் பிடித்த நாஜிகள் கிடினியா துறைமுகத்துக்குக் கோத்தன்ஹாஃபன், அதாவது கோத் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் முன்னோர் நடந்த மண் எங்களுடையது என்பது வாதம். அதற்குப் பிறகு போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் ஸ்காண்டிநேவியக் குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்தால் குறை சொல்ல முடியுமா?

2019இலும் 2023இலும் வெளியான மரபணு ஆய்வுகள் இந்த வழக்கை மறுபடியும் திறந்தன. வியெல்பார்க் இடுகாடுகளின் எலும்புகளில் தென் ஸ்காண்டிநேவியா, டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதிகளின் இரும்புக்கால மக்களோடு தெளிவான நெருக்கம் தெரிகிறது. கோவலெவ்கோ என்ற இடுகாட்டில் ஆண்களின் நெருக்கம் வடக்கே போகிறது. பெண்களின் தாய்வழி உள்ளூர்ப் பழங்குடிகளை நோக்கிச் சாய்கிறது. வந்த ஆண்கள் இருந்த பெண்களை மணந்தார்கள் என்று படிப்பதுதான் இயல்பு. கல்லறைகளில் தொடர்ச்சி தெரிவதற்கும் எலும்பில் வடக்கு தெரிவதற்கும் இடையே இருந்த முரண்பாடு இதனால் பெரிதும் தீர்ந்துவிடுகிறது. மூன்று கப்பல் என்பது கதை. ஆனால் பல தலைமுறைகளாகச் சிறுசிறு படகுகள் வந்துகொண்டே இருந்தன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: எலும்பில் பெயர் எழுதியிருக்காது. அந்த ஆண்கள் தங்களைக் கோத் என்று சொல்லிக்கொண்டார்களா என்பதை எந்த ஆய்வகமும் காட்டித் தராது.

2ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆயுதமில்லாத அந்தக் கல்லறைகள் தென்கிழக்கே நகரத் தொடங்குகின்றன. கடலோரப் பொமரேனியாவில் இடுகாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன; விஸ்டுலாவின் வலப்புறம், பிறகு மசோவியா, பிறகு இன்றைய உக்ரைனின் வொலினியா என்று புதியவை முளைக்கின்றன. இது மாட்டுவண்டி வரிசை ஒன்று ஒரே மூச்சில் ஆயிரம் கிலோமீட்டர் போன கதை இல்லை. அப்பன் ஊரிலிருந்து அடுத்த ஆற்றங்கரைக்கு மகன் போனான், அங்கிருந்து பேரன் போனான் என்ற வேகம்.

கருங்கடலுக்கு வடக்கே உள்ள கரிசல் நிலத்தை அடைந்ததும் ஆளே மாறிவிடுகிறார்கள். அங்கே 3, 4ஆம் நூற்றாண்டுகளில் செழித்ததைச் செர்னியாகிவ் பண்பாடு என்கிறார்கள். கீவ் அருகே உள்ள ஒரு ஊரின் பெயர். சக்கரத்தில் வனைந்த வழவழப்பான சாம்பல்நிறப் பானைகள், கைப்பிடி மணிபோல் குவிந்த எலும்புச் சீப்புகள், மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள வீடுகள். சீப்பிலும் வீட்டிலும் வடக்கு தெரிகிறது. மற்றவற்றில் புல்வெளிக் குதிரைக்காரர்களான சர்மாத்தியர், டான்யூபுக்கு வடக்கே வாழ்ந்த டேசியர், ரோமானியக் கைவினைஞர் எல்லோரும் தெரிகிறார்கள். 238இல் டான்யூப் முகத்துவாரத்தில் ஹிஸ்ட்ரியா நகரைத் தாக்கியபோது ரோம் இவர்களை முதன்முறை நேரில் சந்தித்தது. 251இல் நீவா என்ற தலைவன் அப்ரிட்டஸ் அருகே சதுப்பு நிலத்தில் டேசியஸ் பேரரசரை மகனோடு சேர்த்துக் கொன்றான். வெளிப்பகையோடு பொருதுகையில் போர்க்களத்திலேயே மாண்ட முதல் ரோமானியப் பேரரசர் அவர்தான். அடுத்த இருபது ஆண்டுகள் கருங்கடலில் கப்பலேறிக் கொள்ளையடித்தார்கள்.

அந்தக் கொள்ளைகளில் சிறுபிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பிடித்துவரப்பட்ட கிறிஸ்தவர்களில் ஒரு குடும்பம் இன்றைய துருக்கியின் கப்படோசியாவைச் சேர்ந்தது. அதன் வழியில் பிறந்தவர் உல்பிலா. பெயருக்குச் சிறு ஓநாய் என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் கோத் மொழிக்கு எழுத்து உருவாக்கி விவிலியத்தை அதில் பெயர்த்தவர் இவர். அரசர்களின் போர்களைச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிட்டாராம். இவர்களுக்குப் போரில் ஏற்கெனவே ஆசை அதிகம், தூண்டிவிட வேண்டாம் என்று. கோத் மொழியின் முதல் நூலாசிரியரே அடிமைகளாக வந்த வெளியூராரின் வாரிசு என்றால், கோத் என்பது எப்படிப்பட்ட இனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மொழிபெயர்ப்பின் ஒரு படி இன்றும் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ராவென்னாவில், ஊதாச் சாயம் ஏற்றிய மெல்லிய தோலில் வெள்ளி மையால் எழுதி, முதல் வரிகளுக்குப் பொன்மை பூசியிருக்கிறார்கள். 1648இல் சுவீடன் படை பிராகைக் கொள்ளையடித்தபோது அள்ளிக்கொண்டு போனவற்றில் இதுவும் ஒன்று. இப்போது உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 336 ஏடுகளில் மிஞ்சியவை 188. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் நூல் ஆயிரம் ஆண்டு கழித்துக் கொள்ளைப்பொருளாக ஸ்காண்டிநேவியா போய்ச் சேர்ந்தது. அதில் இயேசு கற்பித்த செபம் "அத்தா உன்சர்" என்று தொடங்குகிறது. எங்கள் தந்தையே என்று பொருள். அத்தன் என்ற நம் சொல் உடனே நினைவுக்கு வரும். வீட்டில் தகப்பனாரை அத்தா என்று கூப்பிடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு கோத்துகளைக் குமரிக்கண்டத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். குழந்தை வாயில் வரும் இப்படிப்பட்ட சொற்கள் உலகெங்கும் ஒன்றோடொன்று தற்செயலாக ஒத்துப்போகும். அட்டிலா என்ற ஹூணர் தலைவனின் பெயரையும் இதே சொல்லிலிருந்து வந்த சின்ன அப்பா என்றுதான் பலரும் விளக்குகிறார்கள்.

கிழக்கிலிருந்து குதிரையேறி ஹூணர் நாடோடிகள் வந்ததும் எல்லாம் கலைந்தது. 376இல் பிரித்திகெர்ன் தலைமையில் ஒரு பெருங்கூட்டம் டான்யூப் வடகரையில் நின்று புகலிடம் கேட்டது. ரோம் அனுமதித்தது. ஆனால் சோறு கொடுக்க வேண்டிய அதிகாரிகள் அதில் வியாபாரம் பார்த்தார்கள். ஒரு நாய்க்கு ஓர் அடிமை என்ற விலையில் இறைச்சிக்காக நாயைக் கொடுத்துப் பிள்ளைகளை வாங்கினார்கள் என்று அந்தக் காலத்து ரோமானியப் படைவீரரும் வரலாற்றாசிரியருமான அம்மியானஸ் வெட்கத்தோடு பதிவு செய்கிறார். இரண்டே ஆண்டுகளில், 378 ஆகஸ்ட் 9 அன்று ஏட்ரியானோப்பிளில் வாலென்ஸ் பேரரசரும் அவருடைய படையில் மூன்றில் இரண்டு பங்கும் மடிந்தார்கள். அகதிகளைக் கையாளத் தெரியாததற்கு ஒரு பேரரசு கொடுத்த விலை.

410இல் ரோமைச் சூறையாடிய கோத் தலைவன் அலாரிக்கின் படை இதன் தொடர்ச்சி. அதில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 408இல் இத்தாலிய நகரங்களில் ரோமானியச் சிப்பாய்கள், தங்களோடு பணிபுரிந்த அயலினப் படைவீரர்களின் மனைவி மக்களைக் கொன்று குவித்தார்கள். கொதித்துப்போய் அலாரிக்கோடு சேர்ந்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஜோசிமஸ். அவன் ரோமை முற்றுகையிட்டபோது நகரத்து அடிமைகளும் ஓடிவந்து சேர்ந்தார்கள். இவர்களையெல்லாம் ஸ்காண்டிநேவியாவுக்குக் கொண்டுபோக முடியுமா? ஆனால் அடுத்த தலைமுறையில் எல்லோரும் கோத்துகள்தான்.

அந்த முற்றுகையை நீக்க அலாரிக் கேட்ட பட்டியல் இது: 5,000 பவுண்டு பொன், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், சிவப்புச் சாயமேற்றிய 3,000 தோல்கள், 3,000 பவுண்டு மிளகு. ரோமானியப் பவுண்டு நம் கணக்கில் சுமார் 327 கிராம். ஆக ஏறக்குறைய ஒரு டன் மிளகு. மிளகு விளைந்தது சேரநாட்டு மலைச்சரிவில். யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று முசிறியைப் பற்றி அகநானூறு சொல்லும் அதே கறி. பட்டியலில் பொன்னுக்கும் பட்டுக்கும் சமமாக அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அலாரிக் காட்டுவாசி இல்லை, ரோமானிய மேட்டுக்குடியின் நாக்கு அவனுக்கும் பழகியிருந்தது என்று தெரிகிறது. அவன் கேட்ட பதவியும் நிலமும் கிடைக்காமல் போகவே 410 ஆகஸ்ட் 24 அன்று நகரம் சூறையாடப்பட்டது. மூன்று நாள். அதே ஆண்டு அவன் தென் இத்தாலியில் இறந்துபோனான்.

பிறகு நடந்தவற்றில் இத்தாலிக் கிளையை விரைவாகச் சொல்லிவிடலாம். ஹூணர் பிடியிலிருந்து விடுபட்ட இன்னொரு கோத் கிளையான ஆஸ்திரகோத்துகள் தியோடரிக் தலைமையில் 493இல் இத்தாலியைக் கைப்பற்றினார்கள். ராவென்னாவில் அவன் கல்லறைக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கல்லைக் கூரையாகத் தூக்கிவைத்தார்கள், இன்றும் இருக்கிறது. 535இல் கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் தொடுத்த போர் இருபதாண்டு நீண்டு அந்த அரசை அழித்தது. கோத்திக் என்று சொல்லப்படும் கூரான வளைவுத் தேவாலயங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள் பிடிக்காத பாணிக்கு வைத்த வசைப்பெயர் அது.

எங்கும் போகாமல் கிரிமிய மலைகளில் தங்கிவிட்டவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அங்கே அவர்கள் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்தது. மங்கூப் கோட்டை 1475இல் துருக்கியரிடம் வீழ்ந்தது. அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, இஸ்தான்புல்லில் தூதராக இருந்த புஸ்பெக் என்பவர் கிரிமியாவிலிருந்து வந்த இருவரைச் சந்தித்து எண்பது சொல்லுக்கு மேல் குறித்துக்கொண்டார். வெள்ளிக்குச் சில்விர், பொன்னுக்குக் கோல்ட்ஸ், சூரியனுக்குச் சுனே, வீட்டுக்கு ஹுஸ். கோத் மொழியை யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதிவைத்த கடைசிப் பதிவு அது.

மேற்கே போன விசிகோத்துகள், அதாவது அலாரிக்கின் கூட்டத்தார், 418இல் தென்பிரான்சில் குடியமர்ந்து, 507இல் பிராங்குகளிடம் தோற்று ஸ்பெயினுக்குள் ஒதுங்கி, டொலேடோவைத் தலைநகராக்கி 711 வரை ஆண்டார்கள். கடைசி அரசன் ரொட்ரிக். வடஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படையிடம் தோற்றான். அதற்குள் மொழியை மறந்து உள்ளூர் லத்தீனில் கரைந்திருந்தார்கள். ஆனால் ஆட்பெயர்கள் தங்கிவிட்டன: அல்போன்சோ, பெர்னாண்டோ, ரொட்ரிகோ எல்லாம் கோத் வேருள்ளவை. அந்தத் தீபகற்பத்துப் பெயர்களைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்குக் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற பரதவர் குடும்பங்களில் அவை ஏறின. தூத்துக்குடியிலோ நீர்கொழும்பிலோ ஒரு பெர்னாண்டோவையோ ரொட்ரிகோவையோ சந்தித்தால், விஸ்டுலா கரையிலிருந்து கிளம்பிய ஒரு மொழியின் இரண்டு சொற்களைக் கூப்பிடுகிறீர்கள்.